அடி நின்ற பிறகும் அடங்காத பயம்

குடித்துவிட்டு வந்து தினமும் அடிக்கும் அப்பாவின் வீட்டில் வளரும் பிள்ளை, வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடும். முப்பது வருடம் கழித்து, ஆபீஸில் மேலாளர் குரலை உயர்த்தினாலும் அதே பிள்ளையின் உடம்பு விறைத்துப்போகிறது. அப்பா செத்துப் பல வருடம் ஆகியிருக்கலாம். உடம்புக்கு அது தெரிவதில்லை.

போர், விபத்து, வெள்ளம் போன்றவை விட்டுச்செல்லும் மனக்காயத்தை, வியட்நாம் போருக்குப் பின் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தனி நோயாக ஏற்றார்கள். தப்பிக்க வழியில்லாத இடத்தில் மாதக்கணக்காக, வருடக்கணக்காக அனுபவித்த கொடுமை வேறு மாதிரி. கணவனின் வதை, சிறுவயதுப் பாலியல் கொடுமை, சிறைச் சித்திரவதை எல்லாம் இந்த வகை. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி இடம் பெற்று நடைமுறைக்கு வந்தது 2022-இல்தான்.

கெட்ட கனவு, பழையது கண்முன் மீண்டும் நடப்பது, நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது ஆகியவை இரண்டுக்கும் பொது. நீண்ட கொடுமைக்கு ஆளானவர்களிடம் இன்னும் மூன்று சேரும். கோபமோ அழுகையோ பொங்கினால் அடங்காது, அல்லது எதுவுமே உறைக்காது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் உள்ளே ஊறிப்போயிருக்கும். யாரையும் நெருங்கவிட முடியாது. நம் வீடுகளில் இவர்களுக்கு ‘சிடுமூஞ்சி’, ‘யாரோடும் ஒட்டாதவன்’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். காயத்தைக் குணம் என்று நினைத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

மீள முடியுமா? முடியும், ஆனால் மெதுவாக. ஹெர்மன் சொன்ன வரிசையில் பாதுகாப்புதான் முதல் படி. இன்றும் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் பழைய கதையைக் கிளறுவதில் அர்த்தமில்லை. அவளுக்கு முதலில் தேவை பத்திரமான இடம், தூக்கம், கையில் கொஞ்சம் காசு. பழைய பயம் திடீரென்று தாக்கும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி எண்ணிப் பார்ப்பது பலருக்கு உதவுகிறது. அதன்பின், பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையோடு நடந்ததைச் சொல்லி, இழந்த பிள்ளைப்பருவத்துக்காக அழுது தீர்ப்பது. கடைசியாக, மனிதர்களோடு மறுபடி ஒட்டுவது. இந்த வரிசையை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டுமா என்பதில் இன்று நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாத்திரை தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கைகொடுக்கும். காயத்தை அது மட்டுமே ஆற்றிவிடாது.

“பெத்த அப்பன்தானே, மன்னிச்சுடு” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மன்னித்தால்தான் குணமாகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது பாதிக்கப்பட்டவரின் விருப்பம். வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு: சொல்வதை நம்புங்கள், சொல்லாததைத் தோண்டாதீர்கள்.

இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. இப்போதும் அடி வாங்கும் பெண்கள் தமிழ்நாட்டில் 181-ஐ அழைக்கலாம்.