மின் கிட்டாரின் கழுத்து: திருகாணியா, பசையா, ஒரே மரமா?

மொன்றியல் நகரில் பிள்ளைக்கு முதல் மின் கிட்டார் வாங்கச் செல்லும் தமிழ்ப் பெற்றோர், ஒன்றுபோலத் தோன்றும் இரு கருவிகளின் விலை ஏன் பல மடங்கு வேறுபடுகிறது என்று வியப்பதுண்டு. கழுத்து உடலோடு இணைக்கப்படும் விதமும் அதற்கு ஒரு காரணம்.

இந்த இணைப்பு மூன்று வகைப்படும்.

முதலாவது 'போல்ட்-ஆன்'. தனியாகச் செய்த கழுத்து, திருகாணிகளால் உடலில் பொருத்தப்படுகிறது. வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த அமெரிக்கர் லியோ ஃபெண்டர், 1950-களின் தொடக்கத்தில் இம்முறையைப் பரவலாக்கினார். பழுதான கழுத்தைக் கழற்றி மாற்றலாம் என்பதே அதன் அனுகூலம். கியூபெக்கின் லா பத்ரி கிராமத்தில் 1972-ல் ரொபேர் கொடான் தொடங்கிய நிறுவனத்தின் மின் கிட்டார்கள் பலவும் இவ்வகையே.

இரண்டாவது 'செட்-நெக்'. வயலின் மரபைப் போலக் கழுத்து பசையால் ஒட்டப்படுகிறது. 1952-ல் வெளிவந்த கிப்சன் லெஸ் பால் இதற்குச் சான்று.

மூன்றாவது 'நெக்-த்ரூ'. கழுத்தாக அமையும் மரமே உடலின் நடுவே கடைசி வரை செல்ல, இரு பக்கங்களிலும் மரத்துண்டுகள் ஒட்டப்படுகின்றன. ரிக்கன்பேக்கர் 1957-ல் வெளியிட்ட 4000 பேஸ் கிட்டார் இவ்வாறு அமைந்தது. இணைப்பிடத்தில் தடிப்பு இல்லாததால், உயர் சுரங்களைக் கை எளிதில் எட்டும். ஆனால் மரமும் உழைப்பும் கூடுதலாகத் தேவைப்படும்.

இந்த வேறுபாடு தமிழருக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத்தில் குடைந்து செய்யும் 'ஏகாண்ட வீணை', பகுதிகளை இணைத்துச் செய்யும் 'ஒட்டு வீணை'யைவிட விலை மிகுந்தது.

இணைப்பு இறுகினால் நாதம் நீடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் கருவி வல்லுநர் ஆர். எம். மொட்டோலா 2007-ல் வெளியிட்ட சோதனையில், திருகாணி முறையிலேயே ஒலி சற்றுக் கூடுதலாக நீடித்தது. கேட்டவர்களால் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிய இயலவில்லை. ஒரு சிறிய சோதனை இறுதித் தீர்ப்பாகாது. எனினும், நாதத்துக்காகவே கூடுதல் விலை தர வேண்டும் என்ற வாதம் வலுவிழக்கிறது.

மொன்றியலில் வேறொரு கவலையும் உண்டு. பனிக்காலத்தில் வெப்பமூட்டிய வீடுகளின் வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது; கோடையின் ஈரப்பதத்தில் விரிகிறது. கழுத்தின் வளைவை உள்ளிருக்கும் உலோகக் கம்பியால் மூன்று வகைகளிலும் சீர்செய்யலாம். ஆனால் கழுத்து உடலோடு சேரும் கோணமே பிசகினால் நிலைமை வேறு. போல்ட்-ஆன் கிட்டாரில் திருகாணியைத் தளர்த்தி மெல்லிய தகடொன்றைச் செருகினால் போதும். செட்-நெக் என்றால், பசையை இளக்கக் கைதேர்ந்தவர் தேவை. நெக்-த்ரூவில் பிரிப்பதற்கு இணைப்பே இல்லை.

ஆகவே முதல் கருவிக்குத் திருகாணியே போதுமானது. எஞ்சும் பணம் ஈரப்பதமூட்டும் சாதனத்துக்கும் நல்ல ஆசிரியருக்கும் உதவும்.