மனப்பதற்ற நோயும் மருத்துவத்திற்குச் செல்லும் வழியும்

மாவட்டத் தலைநகர் ஒன்றின் கருவூலத்தில் பணிபுரியும் எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் நெஞ்சு படபடக்க, மூச்சு முட்ட, உடல் வியர்க்க அவர் விழித்தெழுகிறார். மாரடைப்பு என்று வீட்டார் அஞ்சுகின்றனர். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது, குறையேதும் இல்லை. இரு வாரங்களில் அதே நிலை மீண்டும் ஏற்படுகிறது. இம்முறை பெருநகரத்து மருத்துவமனை. இரத்தப் பரிசோதனைகள், எக்கோ, பின்னர் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்ற விடையுடன் அவர் திரும்புகிறார். அந்த ஒன்றுமில்லாததற்காக அவர் இழந்த பணமும் விடுப்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இவர் கற்பனை மனிதரே. ஆயினும் நாட்டின் எந்த மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலும் இவரைக் காணலாம்.

இவருக்குள்ள நோய் மனப்பதற்ற நோயாக இருக்கக்கூடும். தேர்வுக்கு முன்னரும் மகள் திருமணத்திற்கு முன்னரும் எவருக்கும் பதற்றம் எழுவது இயல்பு. காரணம் நீங்கியதும் அதுவும் நீங்கிவிடும். காரணமின்றியோ, காரணத்திற்குச் சற்றும் பொருந்தாத அளவிலோ, பல மாதங்கள் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் உறவுகளையும் கெடுக்கும் நிலையையே மருத்துவர்கள் நோய் என்கின்றனர். சிலருக்கு ஓயாத கவலையாகவும், சிலருக்குத் திடீரென மூண்டு சில நிமிடங்களில் உச்சத்தை அடையும் பேரச்சமாகவும், வேறு சிலருக்கு நாலு பேர் முன் நிற்கவே இயலாத கூச்சமாகவும் அது வெளிப்படுகிறது. தைராய்டு சுரப்பியின் மிகைச் செயலும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் தொடக்கத்தில் ஓரிரு பரிசோதனைகள் தேவையே. பரிசோதனைகள் அத்துடன் நில்லாமல் தொடர்வதே குறை.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு இந்நிலையை எண்களில் காட்டியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் அப்போது ஏதேனுமொரு மனநோய்க்கு ஆளாகியிருந்தனர். பதற்றம், மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் உடையோருள் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. கடுமையான மனநோய்களில் இந்த இடைவெளி சுமார் 74 சதவீதமே. தெருவில் ஆடையின்றித் திரிபவரை ஊரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. அலுவலகத்திற்கு ஒழுங்காக வந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் துன்பம் எவர் கண்ணிலும் படுவதில்லை.

மருந்தும் பேச்சும்

மனப்பதற்ற நோய்க்கான சிகிச்சை அரியதுமன்று, பெரும்பொருள் வேண்டுவதுமன்று. ஒன்று, உளவியல் சிகிச்சை. அச்சத்தைத் தூண்டும் எண்ணங்களை நோயாளியே இனங்கண்டு சோதிக்கவும், அவர் ஒதுக்கிவந்த சூழ்நிலைகளைப் படிப்படியாக எதிர்கொள்ளவும் வாரம் ஒரு முறையாகச் சில மாதங்கள் பயிற்சி அளிக்கப்படுகிறது. மற்றொன்று, மருந்து. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்செட்டின் போன்றவை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டிலுள்ள, விலை குறைந்த மருந்துகள். நோயின் கடுமைக்கேற்ப இவற்றில் ஒன்றோ இரண்டுமோ தேவைப்படும்.

இங்கே பலரும் அறியாத ஓர் இடர் உண்டு. இம்மருந்துகள் பலன் தருவதற்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் சில நாட்களில் குமட்டலும், சிலருக்குப் பதற்றமே சற்று மிகுவதும் உண்டு. இதனை முன்கூட்டியே எவரும் சொல்லாவிடின், நோயாளி முதல் வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுகிறார். மாறாக, அல்பிரசோலம் போன்ற தணிப்பு மாத்திரை அரை மணி நேரத்திலேயே அமைதி தருகிறது. எனவே, நாளடைவில் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும் மருந்தை அவர் நம்புகிறார். நோயைக் குணப்படுத்தவல்ல மருந்தை ஐயுறுகிறார். பழைய சீட்டைக் காட்டித் தணிப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் வாங்குவதைத் தடுக்கவே, 2014 மார்ச் முதல் அல்பிரசோலம் உள்ளிட்டவை எச்-1 பட்டியலின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளி, மருத்துவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதிவேடு எழுதப்படும் அளவைப் பொறுத்தே இக்கட்டுப்பாட்டின் பயன் அமையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே செல்வது?

சிகிச்சை எளிதெனினும் அதனை அளிப்போர் அருகில் இல்லை. மேற்சொன்ன ஆய்வின்படி, இலட்சம் மக்களுக்கு இருந்த மனநல மருத்துவர் எண்ணிக்கை கேரளத்தில் 1.2, மத்தியப் பிரதேசத்தில் 0.05. நோயாளியின் குடும்பம் சிகிச்சைக்கும் பயணத்திற்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டது. மாத்திரை மலிவாக இருந்தும், பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்து சிகிச்சையை விலையுயர்ந்ததாக்குகின்றன.

இதற்கான விடை புதிதன்று. 1982-ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே பொதுவான மனநோய்களைக் கண்டறிந்து மருந்தளிக்க வேண்டும் என்றது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் இதனைச் செய்து காட்டியது. அம்மாதிரியைப் பின்பற்றி 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. எனவே, எழுத்தரைப் போன்றவர் முதலில் செல்லத்தக்க இடம் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அரசு மருத்துவக் கல்லூரி அருகிலிருப்பின் அதன் மனநலத் துறை. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையெனில் மருத்துவரிடம் இணைப்பார்.

மருத்துவர் பற்றாக்குறைக்குக் கோவாவில் கண்ட வழி தனியே கருதத்தக்கது. விக்ரம் படேல் தலைமையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பின்னணி ஏதுமற்ற உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்களுக்கு இரு மாதப் பயிற்சியளித்து மருத்துவ நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினர். நோயை விளக்குவதும், உளவியல் ஆலோசனை அளிப்பதும், மருந்தைத் தொடர்கின்றனரா எனக் கவனிப்பதும் அவர்கள் பணி. மருந்தெழுதுவது மருத்துவர் பணி. ஆறு மாத முடிவில், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்முறையில் கவனிக்கப்பட்டோரில் சுமார் 66 சதவீதத்தினர் நலம் பெற்றிருந்தனர். வழக்கமான முறையில் இது சுமார் 42 சதவீதமே. தனியார் மருத்துவர்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவச் செலவையும் இழந்த வேலை நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அரசு நிலையங்களில் இம்முறை செலவை மிச்சப்படுத்துவதாகவும் பின்னர் தெரியவந்தது. ஆலோசகரின் ஊதியத்தை மட்டும் பார்த்துத் தயங்கும் நிதித் துறையினர் இக்கணக்கைப் பார்ப்பது நலம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அது விதித்தது. எனினும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருகின்றன. மனப்பதற்ற நோயாளியோ பெரும்பாலும் புறநோயாளர். அவருக்கு அவ்விதியால் கிட்டும் பயன் சொற்பமே.

நலம் கண்ட பின்னரும் மருந்தைக் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே நிறுத்த வேண்டும். ஆகவே எழுத்தருக்கு மாதம் ஒரு முறை மாத்திரை வேண்டும். அதை அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநரிடமே பெற இயலுமாயின் அவர் சிகிச்சையைத் தொடர்வார். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் விடுப்பெடுத்து நெடுந்தூரம் செல்ல நேரின், மூன்றாம் மாதமே நிறுத்திவிடக்கூடும்.