திரைக்குப் பின்னால் இருப்பவர்

ரேடியோவில் நாம் பாட்டுக் கேட்கிறோம். செய்தி கேட்கிறோம். சில நாள் ஒரு நாட்டுப்புறக் கலைஞர் வந்து பேசுவார். ஒருவர் கேள்வி கேட்பார். கலைஞர் பதில் சொல்வார். இதுதான் பேட்டி. "பாட்டு முடிந்தது. இனி வெறும் பேச்சுதானே" என்று ரேடியோவை நிறுத்திவிடுகிறோம். அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நடக்கும். நீளமாகத் திரை கட்டுவார்கள். பின்னால் வரிசையாக 21 விளக்குகள் ஏற்றுவார்கள். தோலில் வெட்டிய இராமனும் சீதையும் திரையில் நிழலாக ஆடுவார்கள். பாடுவது கம்பராமாயணம். ஆம், கேரளத்துக் கோயிலில் தமிழ்ப் பாட்டு! பொருள் சொல்லும்போது தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

கூத்து நடத்துபவரைப் புலவர் என்பார்கள். இரவெல்லாம் அவர் திரைக்குப் பின்னால் இருப்பார். அவர் முகம் நமக்குத் தெரியாது. எதிரே ஆளே இல்லாத இரவும் உண்டு. அம்மன் கேட்கிறாள் என்று பாடிக்கொண்டே இருப்பார். ஷொரணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்தவர் இராமச்சந்திரப் புலவர். தந்தை கிருஷ்ணன்குட்டிப் புலவரிடம் இக்கலையைக் கற்றார். 2021-ல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஒருவர் ரேடியோவுக்கு வந்தால் பாவையைக் காட்ட முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாவையை எந்தத் தோலில் செய்கிறீர்கள்? இத்தனை பாட்டையும் எப்படி மனப்பாடம் செய்தீர்கள்? உங்களுக்குப் பின் யார் பாடுவார்? கூத்தில் அவர் இராமனுக்காகப் பேசுகிறார். இராவணனுக்காகப் பேசுகிறார். பேட்டியில்தான் தமக்காகப் பேசுகிறார்.

அட்டப்பாடி நஞ்சியம்மாவை அறிவீர்கள். இருளர் இனத்தவர். இருளர் மொழி தமிழுக்கு நெருங்கியது. அதற்குத் தனி எழுத்து இல்லை. பாட்டெல்லாம் வாய்வழியாக வந்தவை. 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அவர் பாடினார். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022-ல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. பாட்டை நாடே கேட்டது. ஆனால் பாட்டின் பொருள் என்ன, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பாடியவரிடம் கேட்டால்தானே தெரியும்?

இடுக்கியில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். தாலாட்டும் பாடுவார், ஒப்பாரியும் பாடுவார். மலைக்கு வேலைக்கு வந்த கதையைப் பாட்டாகவே சொல்வார். ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை. எழுதத் தெரிந்த நானும் எழுதி வைக்கவில்லை. பாட்டி போனார். பாட்டும் போயிற்று.

இப்போது உங்களுக்கும் எழுதத் தெரியும். உங்கள் ஊரில் பாடுகிறவர், கூத்தாடுகிறவர், பறை அடிக்கிறவர் இருக்கிறாரா? போய்க் கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள்? எந்த வேலையின்போது பாடுவீர்கள்? இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். இடுக்கி மாவட்டம் தேவிகுளத்தில் ஆகாசவாணி நிலையம் இருக்கிறது. "எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார்" என்று ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அவர் இருக்கும்போதே போடுங்கள்.