குழாய் வேண்டாம், ஒன்றரை வாளி போதும்!
கார் சக்கரம் கழுவ ஒரு சிக்கன வழி

(நமது பெங்களூர் நிருபர்)

பெங்களூரில் கார் வாங்குவதைவிட அதைக் கழுவுவது கடினமாகிவிட்டது. மாடி வீட்டில் குடியிருப்போருக்கும், தெருவோரம் காரை நிறுத்துவோருக்கும் ரப்பர் குழாய் மாட்ட வழியே இல்லை. வழி இருப்போருக்கோ அபராதப் பயம்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் நகரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டபோது, குடிநீரில் வாகனம் கழுவக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அந்த மாதத்திலேயே 22 குடும்பங்களிடம் 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வசூலானது. அக்டோபரில் காவிரி 5-வது கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகும், 2025 பிப்ரவரியில் அதே தடை மீண்டும் வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. மாண்டியா மாவட்டம் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்படும் காவிரி நீர், 3 இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, சுமார் 100 கிலோ மீட்டர் கடந்து மேட்டிலுள்ள இந்த நகருக்கு ஏறி வருகிறது. அதைச் சக்கரத்தில் பீய்ச்சியடித்துச் சாக்கடையில் விடுவது நியாயமா?

கறுப்புத் தூள் எது?

சக்கரத்தில் ஒட்டியிருப்பது வெறும் தெருப் புழுதி அல்ல. பிரேக் போடும்போது, பிரேக் பேடும் இரும்புத் தட்டும் உரசித் தேய்வதால் பறக்கும் தூள் அது. ரயில் நிலையத்தில் தண்டவாளத்து ஜல்லி செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே படிந்திருப்பதும் இப்படித் தேய்ந்து துருப்பிடித்த இரும்புத் தூள்தான்.

சூட்டோடு வந்து படிவதால் இது சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு. எனவே கறுப்பும் அங்கேதான் அதிகம்.

இந்த அழுக்கைப் போக்குவது தண்ணீரின் வேகம் அல்ல. ஊறும் நேரமும், தேய்க்கும் கையும்தான்.

தேவையானவை

வாளி இரண்டு. ஒன்றில் 5 லிட்டர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி கார் ஷாம்புவும். மற்றொன்றில் 10 லிட்டர் நல்ல தண்ணீர். ஒரு குவளை, மெத்தென்ற பெயிண்ட் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த துண்டு இரண்டு, துடைக்கப் பழைய வேட்டித் துணி. கைக்கு ரப்பர் உறை. அவ்வளவுதான்.

சமையலறையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தால், அது ஒதுக்கிவிடும் தண்ணீரைச் சோப்பு வாளிக்குப் பயன்படுத்தலாம். அதில் உப்பு அதிகம். காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. கடைசியாக அலச அது மிக நல்லது.

செய்முறை

கார் ஓடி வந்தவுடன் தொடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். காய்ந்த தட்டில் சட்டென்று குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிவிடக்கூடும்.

முதலில் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முன் சக்கரங்களின் மேல் போர்த்திவிடுங்கள். அவை ஊறுவதற்குள் பின் சக்கரங்களை முடித்துவிடலாம். அழுக்குக் குறைந்த சக்கரத்தை முதலில் கழுவினால் வாளித் தண்ணீரும் சீக்கிரம் கெடாது.

பெயிண்ட் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். நட்டுக் குழிகளுக்குப் பல் பிரஷ். பிறகு இரண்டு குவளை நல்ல தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஊற்றி, ஈரம் காயுமுன் துணியால் ஒற்றி எடுங்கள். அதன்பின் முன் சக்கரத்துத் துண்டை அகற்றினால் பாதி அழுக்கு அதோடு வந்திருக்கும். மீதிக்கு அதே முறை.

சக்கரம் துடைத்த துணியால் காரின் உடம்பைத் துடைக்கக் கூடாது. இரும்புத் தூள் பெயிண்டில் கீறல் போடும்.

முடிந்ததும் காரை மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை அழுத்துங்கள். ஈரம் போய்விடும். மறுநாள் தட்டில் லேசாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு தடவை பிரேக் போட்டால் மறைந்துவிடும்.

கூடவே கூடாதவை

கழிப்பறை ஆசிட் அலாய் சக்கரத்தின் மேல்பூச்சை அரித்துவிடும். பளபளப்புக்காக டயரில் மண்ணெண்ணெய் தடவினால் ரப்பர் கெடும். எந்த எண்ணெயும் பிரேக் தட்டில் பட்டுவிட்டால் பிரேக் பிடிக்காமல் போய் உயிருக்கே ஆபத்து.

காய்ந்த தூளைப் பிரஷால் தட்டுவதோ வாயால் ஊதுவதோ கூடாது. அது நுரையீரலுக்குள் போகும். எப்போதும் நனைத்த பிறகே தொட வேண்டும். கழுவிய தண்ணீரைச் செடிக்கும் ஊற்றாதீர்கள், மழைநீர்க் கால்வாயிலும் விடாதீர்கள். அது ஏரிக்குத்தான் போகும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள்.

கார் துடைப்பவர் பாடு

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியுமுன் வந்து, மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்போர் பலர். நம் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. "சக்கரம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்" என்கிறார் கார்க்காரர். "குழாயைத் தொடாதே" என்கிறார் காவலாளி. நடுவில் அகப்பட்டுக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரோடு, வெறும் கையால், காய்ந்த தூளை மூக்கில் வாங்கிக்கொண்டு தேய்ப்பவர் இவர்தான். சக்கரம் வெளுக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் என்றால் அவர் எங்கே போவார்?

இரண்டு பிரஷும் ஒரு ஜோடி ரப்பர் உறையும் வாங்கித் தர அதிகம் செலவாகாது. சக்கரத்தைத் தினமும் தேய்க்கச் சொல்லாமல், வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டு, அன்று அவருக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். வாரம் தவறாமல் செய்து வந்தால் தூள் இறுகாது. பிறகு ஒன்றரை வாளிகூட வேண்டாம், ஒரு வாளியே மிஞ்சும்.