வேரின் ஆழம் கேட்கும் மின்சாரம்

சென்னைப் புறநகரான பொத்தேரிக்கு வடக்கே வண்டலூர், பல்லாவரம், பரங்கிமலை என எழும் குன்றுகளின் கருங்கல்லை ஜல்லியாக உடைத்துத்தான் சென்னை வீடு கட்டிக்கொண்டது. சார்னகைட் எனப்படும் அந்தப் பாறை, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. அந்தப் பாறையைத் தாங்கும் பழங்கண்டத்தின் வேரோ இன்னும் கீழே, பூமியோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலுக்குள் இறங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழம் என்பதில்தான் வழக்கு. நிலநடுக்க அலைகளை ஆராய்ந்த பிரகாஷ் குமார் குழுவினர், இந்தியத் தட்டின் தடிமன் சுமார் 100 கி.மீ.தான் என்று 2007இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆனால் அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூரில், ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலேறிய கிம்பர்லைட் பாறையில் வைரம் இருக்கிறது. வைரம் உருவாக சுமார் 150 கி.மீ. ஆழமும் குளிர்ந்த வேரும் வேண்டும். அப்படியானால் வேர் பிற்பாடு தேய்ந்ததா, அல்லது அலைகள் காட்டிய எல்லை வேருக்குள்ளேயே இருக்கும் ஓர் அடுக்கா? அலையை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் இதற்குத் தீர்ப்புக் கிடைக்காது.

அடுத்த சாட்சி மின்தடை. 1950இல் ரஷ்யாவின் டிகோனவும் 1953இல் பிரான்ஸின் காக்னியாரும் வகுத்த மேக்னட்டோடெல்லூரிக் முறையில் நாம் எந்த மின்சாரத்தையும் செலுத்துவதில்லை. சூரியக்காற்றும் தொலைதூர மின்னல்களும் பூமியின் காந்தப்புலத்தை அசைக்க, அந்த அசைவு மண்ணுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. குறுக்கும் நெடுக்குமாகப் புதைத்த மின்முனைகளும் காந்தச் சுருள்களும் இரண்டையும் பதிவு செய்கின்றன. அசைவு எவ்வளவு மெதுவோ, அவ்வளவு ஆழம் போகும்: 1,000 ஓம்-மீட்டர் தடையுள்ள பாறையில் 100 விநாடி அலைவு சுமார் 160 கி.மீ. இறங்கும். குளிர்ந்து உலர்ந்த ஆலிவின் கனிமம் மின்சாரத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. வெப்பமோ, துளி நீரோ, உருகிய பாறையோ சேர்ந்தால் தடை பல மடங்கு சரியும். அலை வேகத்தில் அந்தத் துளி நீர் பெரிதாகத் தெரியாது.

கருவியைப் பொத்தேரியிலேயே வைக்கலாமே என்றால், 25,000 வோல்ட்டில் ஓடும் மின்சார ரயிலின் இரைச்சல் பதிவைக் கெடுத்துவிடும். கிழக்கே உப்புக்கடல் மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். தெற்கே போனால் பகல்நேரத்தில் வானில் பாயும் நிலநடுக்கோட்டு மின்னோட்டம் கணக்கைக் குழப்பும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு: தொலைவில் இன்னொரு கருவி, இரவுப் பதிவு, கடலையும் சேர்த்த முப்பரிமாண மாதிரி. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் குப்பம் முதல் பழனி வரை இம்முறையில் அளந்தும் இருக்கிறார்கள். கனமான ஆட்சேபம் வேறொன்று. தடை குறைந்த இடத்தில் இருப்பது கிராஃபைட்டா, நீரா, உருகலா என்று இம்முறை தானாகச் சொல்லாது. தடை மிகுந்த பாறையின் சரியான மதிப்பையும் சொல்லாது. ஆனால் அந்தப் பாறை எந்த ஆழத்தில் முடிந்து கடத்தும் பாறை தொடங்குகிறது என்பதை நன்றாகவே காட்டும். வழக்குக்கு வேண்டியதும் அதுதான். 100 கி.மீ.யிலேயே தடை சரிந்தால் வேர் தேய்ந்தது என்ற கட்சி வலுக்கும், 180 கி.மீ. வரை தடை குறையாவிட்டால், வைரம் சொன்ன வேர் இன்னும் கீழே இருக்கிறது.