கதைவழிக் கல்வி: எல்லைப்புற வகுப்பறையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அறிவைப் பிறர்க்கு வழங்கும் வழிகளுள் கதை மிகத் தொன்மையானது. ஆயினும், பாடம் முடிந்து நேரம் எஞ்சினால் கதை என்னும் எண்ணமே நம் கல்விக்கூடங்கள் பலவற்றில் நிலவுகிறது. இவ்வெண்ணம் பொருத்தமானதா என்பதை, பல மொழிகள் கலந்து வழங்கும் ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தை முன்வைத்து ஆராய விழைகிறோம்.

2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவையும் வீட்டுமொழிகளாக உள்ளன. ஒசூர்த் தொழிற்சாலைகளில் வேலை தேடி வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் மொழிகளும் இவற்றோடு சேர்ந்துள்ளன. எனவே, வீட்டில் ஒரு மொழியும் பாடநூலில் வேறொரு மொழியுமாகப் பயிலும் பிள்ளைகள் இங்கு ஏராளம். அத்தகைய பிள்ளைக்கு வரையறைகளும் விதிகளும் எளிதில் எட்டுவதில்லை. "அடுத்து என்ன நடந்தது?" என்னும் ஆவல் எட்டுகிறது. கதையின் போக்கைப் பிடித்துக்கொண்டால், அறியாத சொல்லின் பொருளையும் அது ஊகித்துக்கொள்கிறது.

உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1986இல் வெளியிட்ட நூலொன்றில், மனித சிந்தனைக்கு இரு வழிகள் உண்டு என்றார். ஒன்று தருக்க வழி. மற்றொன்று கதை வழி. முன்னது பொது உண்மையை நிறுவுகிறது. பின்னது மனிதச் செயலையும் அதன் நோக்கத்தையும் விளைவையும் விளக்குகிறது. ஒன்றன் பணியை மற்றொன்று செய்ய இயலாது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை 111 வசனங்களில் கூறுகிறது. தொடக்கத்திலேயே அதனை அழகிய வரலாறு எனக் குறிப்பிடும் இறைமறை, அறிவுடையோர்க்கு அதில் படிப்பினை உண்டு என்று நிறைவு செய்கிறது. கனவில் தொடங்கும் அவ்வரலாறு அக்கனவு நனவாகும் இடத்தை அடையும்போது, பொறாமையின் விளைவையும் பொறுமையின் பயனையும் மன்னிப்பின் மேன்மையையும் வாசகர் தாமே உணர்கிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உவமைகளால் கற்பித்தார்கள். கப்பல் உவமை ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கீழ்த்தளத்தில் இருப்போர், தண்ணீருக்காக மேலே சென்று பிறர்க்குத் தொல்லை தருவதைவிடத் தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ளலாம் என எண்ணுகின்றனர். மேல்தளத்தார் தடுக்காவிடில் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

இதனை ஒசூர்ப் பிள்ளைகளிடம் கூறும் ஆசிரியர் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணையாறு, பெங்களூருப் பகுதியின் கழிவுகளையும் சுமந்து ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. அங்கு நுரை பொங்கி மிதப்பது பன்முறை செய்தியாகியுள்ளது. "இந்தக் கப்பலில் துளையிடுவோர் யார்? தடுக்க வேண்டியவர் யார்?" என்று ஆசிரியர் வினவினால், அறிவியலும் குடிமையியலும் அறநெறியும் ஒரே பாடமாகிவிடும். மாசு பற்றிய வரையறையை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இவ்வினாவே எழாமற் போகலாம்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியமும் இவ்வழியில் வளர்ந்ததே. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ஆயிர மசலா, வினாவிடையாக மார்க்கச் செய்திகளை விளக்குவது. வரலாறு கூறும் கிஸ்ஸா, போர்க்களம் பாடும் படைப்போர், நாமா எனப் பல வகைகள் தோன்றின. ஏட்டறிவு வாய்க்காத பெண்களும் சிறுவர்களும் பிறர் வாசிக்கக் கேட்டே இவற்றின் வழியாக மார்க்கமும் மொழியும் கற்றனர்.

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியும் கதையின் ஆற்றலை அறிந்தவர். மதுவிலக்குப் பரப்புரைக்காக 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' இதழைத் தொடங்கியபோது, குடியின் கேட்டைக் கதைகளாலும் விளக்கினார். சட்டம் பின்னரே வந்தது: ஒசூரையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபரில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கி.பி. 1201இல் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ, கதை கூறுவோரைப் பற்றித் தனிநூலே எழுதினார். கூட்டத்தைக் கவர்வதற்காகப் பொய்யான செய்திகளைப் புனைந்துரைத்தோரை அதில் கண்டித்தார். கதை கூறுவதையே அவர் விலக்கவில்லை. எது வரலாறு, எது உவமை, எது கற்பனை என்பதைப் பிரித்துக் காட்டுவது கற்பிப்போர் கடமை. அதைச் செய்யாத கதை, அறிவை வளர்ப்பதற்கு மாறாக மூடநம்பிக்கையை வளர்க்கும்.

இன்று வழிகள் அரியனவல்ல. தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புகளில் கதைக்கும் பாடலுக்கும் இடமளித்தது. பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில், சிறுவர் கதைகள் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது முதலிய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை உருதுவில் பாட்டி படித்துக் கூற, மறுநாள் பேரன் அதைப் பள்ளியில் தமிழில் வாசிக்கலாம்.

பெற்றோர் இருவரும் ஷிப்டு முறையில் உழைக்கும் இல்லங்களில் கதை கூற எவர்க்கும் நேரமில்லை என்பதை அறிவோம். அவ்விடத்தை மக்தபுகளும் ஜமாஅத் நூலகங்களும் நிரப்ப வேண்டும். ஓதுதலுக்குப் பின் கால்மணி நேரம் ஒரு கதை, அதன்மீது பிள்ளைகளே கேட்கும் இரண்டு வினாக்கள் என்ற அளவில் தொடங்கினாலும் போதும். பிள்ளைகள் கேட்கும் வினாக்களைக் கொண்டே, அவர்கள் எதைக் கற்றனர் என்பதை நாம் அறிந்துகொள்ளலாம்.