தௌகுவாச் சோறு

வெள்ளிக்கிழமை விரதமென்றால் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல் என்று முடித்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே பல. வயிறு நிறையும், புரதச் சத்துத்தான் போதாது. 100 கிராம் சோற்றில் 3 கிராம் புரதம்கூட இல்லை. சந்தையில் கிடைக்கும் தௌகுவா எனும் கெட்டியான சோயாக் கட்டியிலோ, அதே எடைக்கு 12 கிராம் அளவில் உண்டு. அன்றியும், அரிசியில் குறைந்துள்ள லைசின் சோயாவில் மிகுதி. சோயாவில் குறைந்துள்ள மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் சேர்வது நல்ல பொருத்தமே.

சோறு தயாராக இருந்தால் அரை மணி நேரம் போதும். ஆனால் பலர் தௌகுவாவை ஈரத்தோடு எண்ணெயில் இட்டுவிட்டு, அது சிவக்கவில்லையே, சட்டியில் ஒட்டி உடைகிறதே என்று சலித்துக்கொள்கின்றனர். மேற்பரப்பில் நீர் உள்ளவரை அங்கு வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. சிவப்பதற்கோ அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே துணியில் சுற்றி, மேலே கனத்த தட்டொன்றை வைத்துப் பத்து நிமிடம் விடுக. பின்னர்த் துண்டுகளாக்கி, நன்கு காய்ந்த எண்ணெயில் பரப்பி, அடிப்பக்கம் சிவக்கும்வரை கிளறாமல் இருந்து புரட்டுக. இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு பிடி தவுகே, கடைசியாக ஒரு கரண்டி சோயாக் கிச்சாப்பு. சுடுசோற்றின்மேல் கொட்டினால் ஆயிற்று. உப்புத் தனியே வேண்டா; கிச்சாப்பில் உள்ளதே அதிகம்.

வாங்கும்போது கவனம் தேவை. குழாய் வடிவப் பொட்டலத்தில் இளமஞ்சளாக விற்கும் தௌஹூ பெரும்பாலும் முட்டை கலந்தது. கடைச் சம்பாலில் பெலாச்சான் இருப்பதுண்டு.